நாற்பத்தொரு சொற்கள்

கேள்விக்குறி இல்லை. வீட்டுக்கு வந்து சொற்பட்டியலைத் திறந்ததும் முதலில் தேடியது அதைத்தான். அகக்கண், அகங்காரம், அகடவிகடம், அகதி, அகப்பை, வரிக்கு ஒரு சொல், படம் இல்லை, கட்டம் கட்டமாக இல்லை, வெறும் எழுத்து, தமிழ் எழுத்து, இதற்குத்தான் மூன்று வாரம். சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. காதுக்குள் இன்னும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஐஸ் கம்பெனியை விட்டு வந்தவன் வீட்டில் முகத்தைக் காட்டிவிட்டு ஏழரைக்கெல்லாம் பால்துரையின் நெட் சென்டர் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினவன், "அண்ணாச்சி, இன்னைக்குமா? அந்த அகராதியக் கடையில புக்காவே வாங்கிப் போட்டா என்ன? தலைக்கு வச்சுப் படுக்கவாவது ஆகும்லா" என்றான். சிரித்திருக்கலாம். எனக்கு அவன் வாயில் ஒரு ஐஸ் பாளத்தைச் செருகினால் என்ன என்றிருந்தது. புத்தகம் என்னிடம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் புத்தகத்தை ஊட்டிவிட முடியாது. அதற்கு வேண்டியது சொல், விளக்கம் வேண்டாம், பொருள் வேண்டாம், படம் வேண்டாம், சொல்லுக்கு அடுத்து சொல், லட்சக்கணக்கில், இப்படி. இதோ இப்படி. ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். இதைக் கேட்டு எத்தனை பேர் முன்னால் நின்றிருப்பேன். ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நீங்க எந்த நிறுவனம் என்று கேட்டார். ஐஸ் கம்பெனி என்றேன். லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். மீனுக்குப் போடுகிற ஐஸ் கம்பெனி எதற்குச் சொற்பட்டியல் கேட்டு லெட்டர்ஹெட்டில் எழுதும்? எழுதியிருந்தால்தான் என்ன, தருவாரா? இணையத்தில் இருக்கிறது என்றார்கள். இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு சொல்லைத் தரும், மொத்தமாகக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். மொத்தமாகக் கிடைத்தது ஒரு தடவை, அறுநூறு பக்கம், அத்தனையும் போட்டோ பிடித்த பக்கம், ஓரத்தில் எவனோ பெருவிரலோடு. அந்தப் பெருவிரலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, நியாயமே இல்லாத கோபம், நன்றாக அசைகிற, புத்தகத்தை அழுத்திப் பிடிக்கிற, தடித்த பெருவிரல்.

அக்காவுக்கு மிச்சமிருப்பது ஒரு பெருவிரல். இடது கை. பிலோமினா அக்கா, டெலிபோன் ஆபீசில் இருபத்தாறு வருஷம் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள், வீட்டிலும் அதே குரல், பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும், "இஞ்ஞாசி, எருமை, பத்து மணி ஆச்சு, எந்திரிலே" என்று ஜன்னல் அதிரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாக்கு குழறியது, பிறகு குரல் போனது, பிறகு கால், பிறகு கை, வரிசையாக, யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருகிற மாதிரி. நரம்பு சம்பந்தப்பட்டது என்றார் டாக்டர். புத்தி முழுசாக இருக்கும், எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், தொட்டால் தெரியும், அசைக்க மட்டும் முடியாது என்றார். பெருவிரல் எத்தனை நாளைக்கு சார் என்று கேட்டேன். இருக்கிறவரைக்கும் உபயோகப்படுத்துங்கள் என்றார், பழைய பேட்டரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அதனால்தான் இந்தப் புரோகிராம். ராத்திரி வேலை எனக்கு மணிக்கு ஒரு தடவை பிரஷர் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிக்கிறது, மிச்ச நேரம் சும்மா, அந்தச் சும்மாவில்தான் புரோகிராம் எழுதப் படித்தேன், பழைய பேப்பர் கடையில் எடுத்த புத்தகத்தை வைத்து. அதில் அட்டை இல்லை, முதல் இருபது பக்கமும் இல்லை, அதனால் எதையும் எப்படி ஆரம்பிப்பது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது, நடுவிலிருந்துதான் தெரியும். திரையில் எழுத்து வரிசை வரிசையாக நிற்கும், ஒரு மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கும், வேண்டிய வரிசையில் வரும்போது அக்கா பெருவிரலால் பட்டனை அமுக்கினால் நிற்கும். காலிங் பெல் பட்டன்தான் அது, மவுசைப் பிரித்து அதன் வயரைக் கொண்டுபோய் இதில் சேர்த்தேன். பிறகு எழுத்து, பிறகு அதற்குக் கொம்பா காலா புள்ளியா, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் ஒரு நடை வர வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை 'ஜன்னல்' என்று எழுதினாள். பதினோரு நிமிஷம். அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்த விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது, பட்டியல் கிடைக்கிறவரைக்கும் இனிப் பட்டனைக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன், அவள் அதற்குள் கண்ணை மூடிவிட்டாள். ஒன்றிரண்டு எழுத்து தட்டியதும் மிச்சச் சொல்லைக் கம்ப்யூட்டரே ஊகித்து, கீழே ஐந்து சொல்லாக நீட்டினால் போதும், இரண்டு எழுத்து, ஒரு அமுக்கு, முடிந்தது. ஊகிப்பதற்கு அதற்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அதனால் மூன்று வாரம். மூன்று வாரத்தில் விரல் எவ்வளவு தேய்ந்திருக்கும். நேற்று அந்த பட்டனின் ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுற்று வெட்டி இளக்கினேன், இனி வெட்ட ஸ்பிரிங் இல்லை.

நேற்றே முடிந்திருக்க வேண்டியது. நேற்றைய நாளைப் பாழாக்கினது நான்தான், வேறு யாரும் இல்லை. எழுத்துப்பிழை பார்க்கிற இலவசச் சாப்ட்வேர் ஒன்றின் வயிற்றுக்குள்ளேயே இந்தப் பட்டியல் கிடக்கிறது என்பதை முந்தாநாள்தான் கண்டேன். இறக்கி, பென் டிரைவில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சாய்கோடும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையெல்லாம் சுத்தம் பண்ணி, சேமி என்று அமுக்கினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது, இங்கிலீஷில் மூன்று வரி. எனக்கு இங்கிலீஷில் பெட்டி வந்தால் கை தானாகச் சரி சொல்லும். கம்பெனியில் மேனேஜர் கேட்கிறதுக்கெல்லாம் சரி சொல்லிப் பழகின கை. சரி. மறுபடி திறந்தால் ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம் வரியும் கேள்விக்குறி. மூன்று கேள்விக்குறி, ஐந்து கேள்விக்குறி, ஒன்பது கேள்விக்குறி. தமிழ் இதில் நிற்காது, அழிந்துபோகும், பரவாயில்லையா என்றுதான் அந்த மூன்று வரியும் கேட்டிருக்கிறது. நல்ல மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது. வெகு நேரம் உட்கார்ந்து அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்ணிக்கையை வைத்து இது தண்ணீராக இருக்குமோ, இது தலையணையாக இருக்குமோ என்று. பைத்தியம் பிடிக்க இது போதும். அக்கா பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நடுக்கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். என்ன ஆச்சு என்று கேட்க அவளிடம் வாய் இல்லை. நானும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பெட்டி வந்தால் படிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லாக. சாய்கோடும் எண்ணும் நெட் சென்டரிலேயே எடுத்தாயிற்று. இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, இதை அப்படியே எடுத்து புரோகிராமுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டு. ஏன் நிற்கிறாய்? காலையில் ஞானப்பூ மதினி சொன்னது வேறு குத்திக்கொண்டே இருக்கிறது. எதிர்வீட்டு மதினி, நான் வேலைக்குப் போகிற ராத்திரியெல்லாம் அவர்கள்தான் அக்காவுக்குத் துணைக்குப் படுப்பது. வாசலில் நான் சைக்கிளை நிறுத்தும்போதே, "கொழுந்தனாரே, ஒங்க அக்கா ராத்திரி பூரா பொட்டுக் கண்ணு மூடல. என்னமோ சொல்ல வாரா. தண்ணியான்னேன், ஃபேனான்னேன், ஒண்ணுக்கான்னேன், எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு கண்ண அடிக்கா. கடேசில என்னையப் பாத்த பார்வை இருக்கே, டெலிபோன் ஆபீஸ்ல தப்பு நம்பர் கேட்டவனப் பாக்க மாதிரி" என்றார்கள். நான் உள்ளே போய்க் கேட்டேன். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. தலையணையை மாற்றவா? இரண்டு. திருப்பிப் படுக்க வைக்கவா? கொஞ்சம் யோசித்து, இரண்டு. கொசுவா? இரண்டு. நல்லாத்தான இருக்க? ஒன்றுமில்லையே? அதற்கு மூடவே இல்லை, அப்படியே பார்த்தாள். எப்போதிருந்து சொல்ல வருகிறாளோ. நேற்றைக்கும் அப்படித்தான் பார்த்தாளோ, கேள்விக்குறிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது. பொறு அக்கா, பத்து மணிக்குள்ள கொண்டுவாரேன், நீயே சொல்லிரு என்று ஓடினேன். மணி பத்தே முக்கால். ஊட்டு.

ஆனால் கண் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. நீளத்தைப் பார்க்கலாம் என்று சும்மா கீழே இழுத்தேன், ச வரிசையில் வந்து நின்றது, சவப்பெட்டி. அதை நான் தேடவில்லை. அடுத்த வரி சவம். நல்ல நாளும் அதுவுமாக, இன்றைக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் முதல் தடவையாகப் பேசப்போகிறது, இது எதற்கு? அழித்தேன். இரண்டு சொல் போனால் இந்தக் கடலில் என்ன குறையப்போகிறது? உடனே இன்னொன்று தைத்தது. குட்டையான சொல் முதலில் வருகிற மாதிரி எழுதியிருக்கிறேன், அவசரத்துக்கு வேண்டியதெல்லாம் குட்டைச் சொல்தானே என்று. அப்படியென்றால் சாப்பாடு கேட்க அக்கா 'சா' என்று தட்டினதும் கீழே என்ன வரும்? சாப்பாட்டுக்கு முன்னால் அது வந்து நிற்கும். அவள் கண்ணுக்கு நேரே, மஞ்சள் வெளிச்சத்தோடு. நடுங்குகிற விரல். தவறி அமுக்கிவிட்டால் மேலே பெரிய எழுத்தில் எழுதிக் காட்டும். தேடி அழித்தேன். பிணம், பாடை, கல்லறை, மரணம். தேடுகிற பெட்டியில் சொல்லைக் கொடுத்தால் அதுவே கண்டுபிடித்துத் தருகிறது, எனக்கு அழிக்கிற வேலைதான். எங்கள் வீட்டில் அம்மா வாயில் அடிப்பாள். அப்பா தோணியில் போனவர், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போனால் திரும்ப ஒரு மாதம், அந்த ஒரு மாதமும் வீட்டில் சில சொற்கள் கிடையாது. முழுகு கிடையாது, கவிழ் கிடையாது. செம்பு உருண்டு தண்ணீர் கொட்டினால் செம்பு படுத்துட்டு என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி இல்லை என்றால்கூட நிறைய இருக்கு என்பாள், நாங்கள் புரிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்கு உழக்கை எடுத்துக்கொண்டு போவோம். எனக்கு ஏழு வயது. மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு, அது நனைந்து உட்கார்ந்ததும், முழுகிட்டு என்று கத்திவிட்டேன். அக்கா ஓடிவந்து தொடையில் கிள்ளினாள், தோல் பிய்கிற மாதிரி. அந்தத் தடவை தோணி எட்டு நாள் தாமதம். எட்டு நாளும் வீட்டில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள். சோறு போடும்போது பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் அப்பா மாசிக் கருவாட்டு மூட்டையோடு சிரித்துக்கொண்டு வந்தார், காற்று சரியில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த எட்டு நாள் முடியவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஐஸ் தொட்டியில் பாளத்தை இறக்கும்போதுகூட முழுகிற்று என்று மனசுக்குள் சொல்ல மாட்டேன், இறங்கிற்று என்பேன். சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. அழி. முழுகு, மூழ்கு, கவிழ், புதை. அனாதை எதற்கு, அவள் போனால் நான், வேண்டாம், அழி. அக்காவே அப்படித்தானே. டிரங்க் காலில் சாவுச் சேதி சொல்லச் சொல்லி எத்தனை பேர் அழுதுகொண்டு நிற்பார்கள், லைன் கரகரக்கும், அந்தப் பக்கம் கேட்காது, இவளே நடுவில் புகுந்து எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்லையாம், ஒடனே பொறப்பட்டு வரச் சொல்லுதாவ என்பாள். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தம் இருக்காது, அவ்வளவுதான், புரிந்துவிடும். அதை வந்து சாப்பிடும்போது சொல்வாள், சிரித்தபடி சொல்வாள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள். பெருமூச்சு, ஓலம், நோவு, ரணம், வலி, வலிப்பு. இதெல்லாம் நோயாளி கண்ணில் படலாமா? பட்டால் இல்லாததும் வரும். போதும் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன். சோறு போதும் என்று சொல்ல வேண்டாமா? ஆனால் அவள் வேறு எதையோ போதும் என்று எழுதிவிட்டால் நான் என்ன செய்வேன்? கண்ணை மூடித் திறக்கிறது இருக்கிறதே சோற்றுக்கு. அழித்தேன். எண்ணிக்கொண்டேதான் வந்தேன், மீட்டர் பார்க்கிற பழக்கம், நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றோடு நிறுத்தினேன். சேமி என்றேன், பெட்டி வந்தது, மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தேன், இந்தத் தடவை சரியான பதிலைச் சொன்னேன். பென் டிரைவில் இருந்த பழையதன் மேலேயே எழுதிக்கொண்டது. மூன்று வாரமாக ஒரு சொல்லாவது கூடக் கிடைக்காதா என்று அலைந்தவன்.

ஏறுகிறது. ஒன்பது சதவீதம். இதுவும் என் லட்சணம், ஒவ்வொரு தடவையும் பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து வாசித்துத்தான் ஏற்றும், வேறு வழி இருக்கும், அது அந்த முதல் இருபது பக்கத்தில் இருந்திருக்கும். நான்கு நிமிஷம். இருபத்திரண்டு. மானிட்டரைத் தூக்கிக் கொண்டுபோய் அக்கா கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தேன், வயர் இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வந்துட்டுக்கா. ஒரு லட்சத்து எம்பதாயிரம். ஒங்க டெலிபோன் டைரக்டரியில அத்தன பேரு இருந்தானா?" என்றேன். கண்ணில் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். கன்னம் வற்றியிருக்கிறது. ராத்திரி முழித்த கண். போர்வையை இழுத்துவிட்டேன், காலில் சாக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், குளிர் அறைக்குள் போகிறவர்களுக்கு என்று கம்பெனியில் தருகிற கம்பளிச் சாக்ஸ், என்னுடையது, ஃபேன் காற்று காலில் படக்கூடாது என்று நான்தான் போட்டுவிட்டேன். குளிரைப் பற்றி எனக்குத் தெரியும். அறுபத்தேழு. பெருவிரலை எடுத்து பட்டன் மேல் வைத்தேன். தொண்ணூற்றெட்டு. நின்றுவிட்டதா? நிற்காதே, சனியனே, இன்றைக்கு நிற்காதே. நூறு. "சொல்லுக்கா."

வெளிச்சம் இறங்கியது. அவள் முதல் தடவை விட்டுவிட்டாள், இரண்டாவது தடவை கடைசி வரிசையில் அமுக்கினாள், 'வ'. பிறகு 'லி'. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே ஐந்து சொல் பளிச்சென்று வந்தது, முட்டாள், வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வலிது, வலிமை, வலிவு, வலிதல், வலியவன். வெளிச்சம் ஐந்தின் மேலும் நடந்தது. அவள் அமுக்கவில்லை. மறுபடி நடந்தது. அமுக்கவில்லை. விரல் தயாராகத்தான் இருந்தது, நகத்தடி வெளுத்திருந்தது, அவள் காத்துக்கொண்டிருந்தாள், வரவேண்டியது வரும் என்று. ஐந்து மூன்றாவது தடவையும் போனது. அப்போது கண்ணைத் திரையிலிருந்து எடுத்து என் மேல் வைத்தாள், எட்டு நாள் பார்த்த அதே பார்வை என்று எனக்குத் தோன்றியது, அப்படி இல்லை, அதில் கோபம்கூட இல்லை. புரிந்துவிட்டது அவளுக்கு. என்னைத் தெரியாதா? வாயை அடைத்து வளர்த்தவளே அவள்தானே. கம்ப்யூட்டர் பக்கம் பாய்ந்தேன், நிறுத்தி, சொல்லைச் சேர்த்து, சேமித்து, மறுபடி ஏற்ற நான்கு நிமிஷம், நான்கு நிமிஷமா, இன்னும் நான்கு நிமிஷம் இவளை இப்படி, எதற்கு, வாய்தான் இருக்கிறதே எனக்கு. காலையிலிருந்து தலையணை, கொசு, ஃபேன் என்று எல்லாவற்றையும் கேட்ட வாய். கேட்காதது ஒன்றுதான். தொண்டை வரைக்கும் வந்து நின்றது, ஏழு வயதில் நின்ற இடம். "அக்கா" என்றேன். "வலிக்கா?"

கண்ணை மூடினாள். ஒரு தடவை. மூடியே வைத்திருந்தாள்.

எங்கே என்று கேட்டதும் திறந்து, திரைக்குப் போனாள். 'கு'. 'தி'. குதி, குதிர், குதிரை, குதிகால் என்று வந்ததும் நான்காவதில் அமுக்கினாள், ஒரே அமுக்கு, மேலே பெரிய எழுத்தில் நின்றது. சாக்ஸைக் கழற்றினேன். கம்பளியின் தையல் முண்டு மெத்தைக்கும் குதிகாலுக்கும் நடுவில் இருந்து அமுக்கி அமுக்கி, தோல் உரிந்து, ஒரு புளியங்கொட்டை அகலத்துக்குச் சிவந்து ஈரமாக இருந்தது, சாக்ஸ் அதில் ஒட்டியிருந்தது. மூன்று நாள் இருக்கும். நான் போட்ட சாக்ஸ். துடைத்து, மருந்து வைத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி நிறுத்தினேன். பட்டன் சத்தம் கேட்டது. 'எ'. 'ரு'. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேலே வந்துவிட்டது: எருமை. சிரித்துவிட்டேன். அழுதேனோ என்னவோ, மூக்கு ஒழுகியது. "எருமைதான்" என்றேன். "எருமையேதான்."

பிறகு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன், அழித்ததையெல்லாம் எழுதி மறுபடி சேர்ப்பதற்கு. வலி முதலில். சவம், சவப்பெட்டி, சாவு, எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கிற்று, எழுதினேன். முழுகு. கவிழ். போதும். முப்பத்தெட்டு வந்தது. இன்னும் மூன்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், முப்பத்தெட்டுதான். எந்த மூன்று? பழைய பட்டியல் இல்லை, அதன் மேலேயே எழுதியாயிற்று, பால்துரை கடையில் மறுபடி இறக்கலாம், நாளைக்கு, அதுவரைக்கும் அந்த மூன்றில் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தால்? எதை எழுத நினைத்தால் என்னால் தாங்க முடியாது என்று யோசித்தால் வந்துவிடும், அந்த வழியில் போய்த்தானே அழித்தேன், ஆனால் அந்த வழியில் போகப் போக வழியே மங்கிவிடுகிறது, கண்ணை மூடினால் கம்ப்ரசர். பட்டன் சத்தம். அக்கா மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். 'ப'. 'ய'. கீழே வந்தது, பயன், பயல், பயறு, பயணி, பயணம். வெளிச்சம் ஐந்தின் மேலும் நடந்து முடித்தது. அவள் அமுக்கவில்லை. அதையும் அழித்திருக்கிறேனா? எப்போது அழித்தேன்? கைபாட்டுக்கு அழித்திருக்கிறது. எனக்குத் தெரியும் அது என்ன சொல் என்று, நானே சொல்லி முடித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளலாம், ஒன்றுமில்லை அக்கா, ஒன்றும் ஆகாது என்று. வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அவள் கண் திரையில் இருந்தது, விரல் பட்டனில் இருந்தது, அந்த நடுக்கத்தோடு. எழுத்து வரிசைக்கு வெளிச்சம் திரும்பிப் போனது. முதல் வரிசை. இரண்டாவது. 'ம' இருக்கிற வரிசைக்கு வந்ததும் அமுக்கினாள். 'ம'. இனிக் கால், கொம்பு, எல்லாவற்றையும் கடந்து கடைசியில் நிற்கிற புள்ளிக்கு வெளிச்சம் போய்ச் சேர வேண்டும். தாளைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நானும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.